குழாய் மேற்கே பார்க்கிறது

கார்த்திகை முதல் தேதி, விடிகாலை மூன்றரைக்கு
உச்சிமாகாளி அண்ணாச்சி லாட்ஜில்
பாய்லர் பற்றவைத்தார்கள்.
நாலடிச் சந்து.
அந்தப் பக்கம் புகைக்குழாய்,
இந்தப் பக்கம் எங்கள் அடுக்களை ஜன்னல்.
சம்பந்தம் பேச உட்கார்ந்தவர்கள் மாதிரி
நேருக்கு நேர்.

ரப்பர் விறகு என்றால் ஒரு வாசம்.
சிரட்டை என்றால் வேறு.
சாமிமார் விட்டுப்போன பிளாஸ்டிக் பாட்டில்களைப் போடும் நாளில்
ஜெயக்கொடி ஒன்றும் பேச மாட்டாள்.
தயிரில் விழுந்த கரியைக் கரண்டியால் எடுத்து
எனக்குக் காட்டுவாள்,
நான் எரித்தது போல.

ஐந்து நாற்பது பஸ்ஸில் ஆரியங்காவு போய்
லாட்டரி விற்கிறவன் நான்.
செங்கோட்டையில் குற்றம்,
கணவாய்க்கு அந்தப் பக்கம் தொழில்.
சீட்டுக்கட்டை முகர்ந்து பார்த்த ஒருவன்
"சேட்டா, தீ பிடிச்சோ?" என்று கேட்டு
வாங்காமல் போனான்.

போய்ச் சொன்னேன்.
"மாலை போட்டவனுக்கு வெந்நீர் எதுக்கு அண்ணாச்சி?"
"அதெல்லாம் அந்தக் காலம் வேய்.
இப்ப சுடுதண்ணி உண்டான்னு கேட்டுட்டுத்தான்
ரூம் போடுதான்."
பிறகு பல்குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னார்:
"கிழக்கு வீட்ல ஒரு வார்த்தை சொன்னதுண்டா?
உமக்கு மட்டும் என்ன?"

உரச்சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டினோம்.
மார்கழியில் நகராட்சிக்கு மனு கொடுத்தேன்.
ஆனியில் ஆள் வந்தார்.

பாய்லர் எரிந்துகொண்டுதான் இருந்தது.
குற்றாலத்தில் சீசன், லாட்ஜில் இடமில்லை.
ஆனால் கணவாய் வழியே மேல்காற்று
சாரலைத் தள்ளிக்கொண்டு வந்தது.
குழாயை விட்டு வந்த புகை
எங்களைப் பார்த்தது,
திரும்பி ஓட்டின் மேல் ஏறி
கிழக்கே போய்விட்டது.
ஜன்னலில் தலையை விட்டு மூக்கை உறிஞ்சினார் அதிகாரி.
"கருவாடு" என்றார்.
"அது நாங்க" என்றாள் ஜெயக்கொடி.
எழுதிக்கொண்டார்: புகை இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம்தான்
கிழக்கு வீடு எது என்று பார்க்கப் போனேன்.
தெருவைச் சுற்றிப் போக வேண்டும்.
பச்சைக் கதவு.
ஜன்னலில் ஈரச் சாக்கு,
அதே உரக் கம்பெனி.

நூருன்னிஸா மடியில் முறத்தோடு
பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.
நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள்
உள்ளே போய் ஒரு காகிதம் எடுத்து வந்தார்.
போன ஆடியில் கொடுத்த மனு.
தையில் வந்தாராம், அதே ஆள்.
பீடி சுத்துற வீட்டுக்குப் புகை ஒரு கேடாம்மா
என்று சிரித்தாராம்.
அடியில் அதே கையெழுத்து,
அதே இரண்டு வார்த்தை.

"மேக்கு வீட்ல வாயே திறக்கலையே,
உனக்கு மட்டும் என்னன்னாரு அண்ணாச்சி.
உங்களுக்குப் பழகிருச்சு போலன்னு
நானும் நினைச்சேன்."

ஒரே தாளில் எழுத உட்கார்ந்தோம்.
வைகாசி முதல் புரட்டாசி வரை அவருக்கு,
கார்த்திகை முதல் மாசி வரை எனக்கு.
பங்குனியும் சித்திரையும் ஆளுக்குப் பாதி.
ஐப்பசியில்தான் தகராறு.
கொண்டல் வருமா மேல்காற்று போகுமா என்று
தெரியாமல் நிற்கிற மாதம்.
அவர் தனக்கு என்றார், நான் எனக்கு என்றேன்.
அவர் மகள் பேனாவை வைத்துவிட்டு
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நகராட்சிக்குப் போகவில்லை,
லாட்ஜுக்குப் போனோம்.
அண்ணாச்சி மனுவைப் படிக்கவில்லை.
கடைசிப் பக்கத்துக்குப் போய்
இரண்டு கையெழுத்தையும் தடவிப் பார்த்தார்.
"ரெண்டு பேருக்கும் எப்பம் பழக்கம்?"
என்று மட்டும் கேட்டார்.

புனலூரிலிருந்து ஆள் வந்து
அளவெடுத்துப் போயிருக்கிறான்:
ஒரு எல்போ, பத்தடிக் குழாய்.
பணம் மூன்று பங்கு என்று அண்ணாச்சி,
முடியாது என்று நாங்கள்.
ஐப்பசி பிறந்து எட்டு நாள்.
காற்று அசையவில்லை.
புகை நேராக மேலே போய்
யார் வீட்டுக்கும் வராமல் நிற்கிறது.
சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை.